‘அது தனி விஷயம்’ இல்லை, அண்ணாச்சி

கேள்வி: எனக்கு வயது 44. வீரவநல்லூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தேன். தொழில் படுத்துவிட்டது. 2018-ல் மஞ்சக் கடுதாசி கொடுத்தேன், 2019-ல் கோர்ட்டில் உத்தரவும் ஆகிவிட்டது. மொத்தக் கடன் 17 லட்சம். அதில் வங்கியில் எடுத்த 9 லட்சத்துக்கு என் மனைவியின் அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் ஏதோ கட்டினாராம். இப்போது அவர் மகளுக்குக் கல்விக் கடன் கிடைக்கவில்லை என்று அதற்கும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள், பேச்சுவார்த்தையும் இல்லை. அது தனி விஷயம். நான் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஸ்டோர்ஸ் வேலை பார்க்கிறேன், கைக்கு 42,000 வருகிறது. 6 லட்சம் சேர்த்திருக்கிறேன். கே.டி.சி. நகர் பக்கம் 28 லட்சத்துக்கு ஒரு வீடு வருகிறது. சிபில் 580. நான்கு இடத்தில் கேட்டேன், நான்கிலும் இல்லை என்றுவிட்டார்கள். 15,000 கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். இல்லையென்றால் மனைவி பெயரில் வாங்கிவிடலாமா? ஒரு வழி சொல்லுங்கள்.
- வாசகர், வீரவநல்லூர்

பதில்: உங்கள் கடிதத்தில் கடை, கோர்ட், சம்பளம், சிபில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. மச்சான் கட்டியதற்கு மட்டும் கணக்கு இல்லை. ‘ஏதோ கட்டினாராம்.’ ஒன்பது லட்சத்துக்கு உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட மனிதர் எவ்வளவு கட்டினார், எதை விற்றுக் கட்டினார் என்பது ஆறேழு வருஷமாக உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. அதைக் கடந்து ‘அது தனி விஷயம்’ என்று ஒரு புள்ளி வைத்து, கே.டி.சி. நகருக்குப் போய்விட்டீர்கள். நான் அந்தப் புள்ளியிலேயே நிற்கப்போகிறேன்.

மஞ்சக் கடுதாசி கொடுத்தால் கடன் போய்விட்டது என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. சென்னை நகரத்துக்கு 1909-ம் வருஷத்துச் சட்டம். திருநெல்வேலி உள்ளிட்ட மற்ற ஊர்களுக்கு 1920-ம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம். தனிமனிதர் நொடித்துப்போனால் இன்றைக்கும் நம் கோர்ட்டுகளில் நடப்பது அதுதான். அந்தச் சட்டத்தின் 44-வது பிரிவு, நொடித்தவருக்கு விடுதலை உத்தரவு கிடைத்தால் அவருடைய கடன்கள் தீர்ந்தன என்கிறது. அதே பிரிவு கடைசியில் இன்னொன்றும் சொல்கிறது: அந்த விடுதலை ஜாமீன்தாரருக்குப் பொருந்தாது. சட்டம் உங்களை விட்டாலும் உங்கள் மச்சானை விடாது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். நீங்கள் கோர்ட்டுக்குள் ஒதுங்கியதும் வங்கி நேராக அவர் வாசலுக்குப் போயிருக்கும்.

அதோடும் முடியவில்லை. அவருடைய சிபில் அறிக்கையில் உங்கள் ஒன்பது லட்சம் ‘ஜாமீன்தாரர்’ என்ற தலைப்பில் ஒரு கணக்காக உட்கார்ந்திருக்கும். கல்விக் கடனில் பெற்றோர் கூட்டுக் கடன்தாரர். வங்கி மாணவியின் மதிப்பெண்ணோடு தகப்பனின் சிபிலையும் எடுத்துப் பார்க்கிறது. வாராக்கடன் என்று அங்கே ஒரு வரி இருந்தால் மேனேஜர் கோப்பை மூடிவிடுவார். ஆக, ‘அதற்கும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்’ என்று வருத்தப்படுகிறீர்களே, வேறு யாரைச் சொல்ல வேண்டும்? அந்தப் பெண்ணின் ஃபீஸ் நின்றதற்குக் காரணம் உங்கள் கடை. அவர்கள் சொல்வது குறை இல்லை, விவரம்.

மனைவி பெயரில் வாங்கலாமா என்ற கேள்விக்கும் இதுதான் பதில். அண்ணன் பெயரைக் கெடுத்த கடன் அப்படியே கிடக்க, தங்கை பெயரில் வீடு. பால்காய்ப்பு அன்றைக்குப் பிறந்த வீட்டுச் சீர் யார் கொண்டுவருவார்கள் என்று உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா? சட்டத்தைப் பார்த்தாலும் இது ஓட்டை யோசனை. பணம் உங்களுடையது, பெயர் மட்டும் அவர்களுடையது என்றால், உங்களுக்கு விடுதலை உத்தரவு வராத பட்சத்தில் நொடித்தவரின் சொத்தைக் கோர்ட் சார்பில் பார்த்துக்கொள்ளும் ரிசீவர் அதைக் கேள்வி கேட்க இடம் உண்டு. வங்கியும் வீட்டுக் கடனுக்குப் பெரும்பாலும் கணவன், மனைவி இருவரையும் சேர்த்துத்தான் கையெழுத்து கேட்கும். இருவர் அறிக்கையையும் எடுக்கும்.

இப்போது வேலைக்கு வருவோம். ‘2019-ல் உத்தரவு ஆகிவிட்டது’ என்கிறீர்கள். எந்த உத்தரவு? உங்களை நொடித்தவர் என்று அறிவித்த உத்தரவா, விடுதலை உத்தரவா? இரண்டும் வேறு வேறு. முதல் உத்தரவு போடும்போதே, விடுதலை கேட்டு எத்தனை காலத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று கோர்ட் ஒரு கெடு வைக்கும். முதல் உத்தரவோடு காரியம் முடிந்தது என்று கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். கெடுவுக்குள் மனுப் போடாவிட்டால் 43-வது பிரிவின்படி முதல் உத்தரவே ரத்தாகும். ரத்தானால் பழைய கடன்காரர்கள் எல்லோரும் மறுபடி உங்களைத் தேடி வரலாம். ரத்தும் ஆகாமல், விடுதலையும் வாங்காமல் நடுவில் தொங்கினால் அது அதைவிட மோசம்: 28-வது பிரிவின்படி அந்த இடைக்காலத்தில் நீங்கள் வாங்குகிற சொத்து ரிசீவர் கைக்குப் போகும். கே.டி.சி. நகர் வீடும் அதில் சேர்த்தி. 72-வது பிரிவோ, விடுதலை பெறாத ஒருவர் அதைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறை என்கிறது. அந்த 50 ரூபாய் 1920-ல் எழுதியது, இன்னும் மாற்றவில்லை. நான்கு இடத்தில் விண்ணப்பம் போட்டீர்களே, ஒன்றிலாவது இதைச் சொன்னீர்களா?

ஆகவே முதலில் வழக்கு எண்ணை எடுத்துக்கொண்டு, உத்தரவு போட்ட கோர்ட்டில் நகல் மனுப் போட்டு, உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். விடுதலை உத்தரவு இல்லையென்றால் 41-வது பிரிவில் மனுப் போட வக்கீலைக் கேளுங்கள். அதிலும் ஒரு முள் இருக்கிறது. ஈடு வைக்காமல் வாங்கிய கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது தேறும் அளவு சொத்து இல்லையென்றால், அது உங்கள் கையை மீறிய காரணத்தால் நடந்தது என்று நீங்கள் காட்டாதவரை கோர்ட் முழு விடுதலை தராது. கணக்குப் புத்தகம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், சரக்கு விற்ற ரசீது, வராத பாக்கிப் பட்டியல் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். கணக்கே வைக்காத வியாபாரிக்கு இந்த இடத்தில்தான் இடறும்.

அடுத்து வங்கி. ரிசர்வ் வங்கி விதிப்படி சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹைமார்க் என்ற கடன் தகவல் கம்பெனிகள் நான்கும் ஆளுக்கு வருஷம் ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். மச்சான் சம்மதித்தால் அவருடையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கணக்கிலும் மூன்று இடத்தைப் பாருங்கள்: நிலை என்ன, பாக்கி எவ்வளவு, கடைசியாக எப்போது செய்தி அனுப்பினார்கள். ‘ரிட்டன் ஆஃப்’ என்றால் வங்கி தன் புத்தகத்தில் தள்ளிவைத்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம், தள்ளுபடி இல்லை. ஏழு வருஷம் ஆனால் தானாக அழிந்துவிடும் என்று டீக்கடையில் சொல்வார்கள். சட்டம் சொல்வது குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று. பாக்கி நிற்கும் கணக்கை வங்கி தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருந்தால் அது போகாது.

15,000 கேட்கிறவரை விட்டுவிடுங்கள். தவறான தகவல் இருந்தால் நீங்களே இணையத்தில் ஆட்சேபம் பதியலாம், காசு கிடையாது. 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்படியும் நடக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம், அதுவும் இலவசம். சரியான தகவலை யாராலும் அழிக்க முடியாது, அவராலும்தான்.

அந்த ஒன்பது லட்சக் கணக்கை மச்சானோடு சேர்ந்து போய் முடியுங்கள். வங்கி அந்தக் கடனை, வாராக்கடனை வாங்கி வசூலிக்கும் ஏ.ஆர்.சி. கம்பெனிக்கு விற்றிருந்தால் பணம் வங்கிக்கு இல்லை, அங்கே கட்ட வேண்டும்; முதலில் கிளையில் அதைக் கேளுங்கள். அசலும் வட்டியுமாகக் கட்டினால் ‘குளோஸ்டு’ என்று வரும், குறைத்துப் பேசி முடித்தால் ‘செட்டில்டு’ என்று வரும். வீட்டுக் கடன் கொடுக்கிறவர் இரண்டாவது வார்த்தையை விரும்பமாட்டார். குறைத்து முடித்த வங்கியிலேயே, விவசாயக் கடன் தவிர, 12 மாதமாவது புதுக்கடன் கிடைக்காது. முழுசாகக் கட்ட வழியில்லை என்றால் செட்டில்மென்டே போதும், ஆனால் ஒரு நிபந்தனை: கடன்தாரர், ஜாமீன்தாரர் இருவர் பெயரிலும் பாக்கி இல்லை என்று கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் பெயரை மட்டும் போட்டு வாங்கி வந்தீர்களானால் இரண்டாவது முறையாக அவரை விட்டுவிட்டு வந்ததாக ஆகும். தொகையும் தேதியும் கடிதத் தலைப்பில் வந்த பிறகே பணம். அதுவும் கடன் கணக்கில் மட்டும். வசூலுக்கு வருகிற பையனின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்தால் அது தர்மக் கணக்கில்தான் சேரும்.

ஒரு எச்சரிக்கை. விடுதலை உத்தரவு வராத நிலையில் ஒருவருக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுத்தால் மற்ற கடன்காரர்கள் கேள்வி கேட்கலாம். வக்கீலைக் கேட்டு, ரிசீவருக்குத் தெரிய, கோர்ட் வழியாகச் செய்யுங்கள். விடுதலை உத்தரவு வந்த பிறகு மச்சான் கட்டிய பணத்தை உங்களிடம் வழக்குப் போட்டு வாங்குவது அவருக்குக் கஷ்டம். கேட்க முடியாது என்பதாலேயே நீங்களாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் பிள்ளைகளைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்தினீர்கள்? அந்த மடிக்கு இந்த ஆறு லட்சத்தில் முதல் பங்கு இருக்கிறது, வீட்டுக்கு அட்வான்ஸ் அதற்குப் பின்னால்.

விடுதலையும் பாக்கியில்லாக் கடிதமும் கைக்கு வந்த பிறகு ஸ்கோரைக் கட்டும் வேலை. அது சுலபம், சலிப்பானது, இரண்டு வருஷம் பிடிக்கும். 25,000 ரூபாய்க்கு எஃப்.டி. போட்டு அதன்மேல் கிரெடிட் கார்டு வாங்குங்கள், 20,000 போல லிமிட் தருவார்கள். மாதம் 6,000-க்கு மேல் தேய்க்காதீர்கள். மளிகை, பெட்ரோல் போதும். பில்லில் ‘மினிமம் டியூ’ என்று ஒரு சின்னத் தொகை இருக்கும், அதைக் கட்டிவிட்டு நல்லபிள்ளை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. முழுத் தொகையும் கெடுவுக்குள் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுங்கள். கார்டில் ரொக்கம் எடுக்கவே கூடாது. ஆறு மாதம் கழித்து வங்கியில் ஒரு சின்ன நகைக்கடன், 50,000 போல, எடுத்து ஒழுங்காகத் திருப்புங்கள். ரத வீதி அடகுக்கடையில் வைத்து மீட்டால் அது சிபிலுக்குத் தெரியாது. நடுவில் எங்கும் புதுக் கடன் விண்ணப்பம் வேண்டாம். ஏற்கெனவே நான்கு இடத்தில் கேட்டது நான்கு வரிகளாக அறிக்கையில் நிற்கிறது. பிறரிடம் கைமாற்றும் வேண்டாம், கந்துவட்டி பக்கமே தலைவைக்காதீர்கள்.

வீட்டுக் கணக்கையும் திருத்த வேண்டியிருக்கிறது. 28 லட்சம் என்றீர்கள். பத்திரச் செலவைச் சேர்த்தீர்களா? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இரண்டரை லட்சம் அதற்கே போய்விடும், வங்கி அதைக் கடனாகத் தராது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது உச்ச வரம்பு. உங்கள் மாதிரி வரலாறு உள்ளவருக்கு அதைவிடக் குறைத்துத்தான் தருவார்கள். 46 வயதில் விண்ணப்பித்தால் 60 வரை 14 வருஷம். 22 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் மாதம் 23,000 தாண்டும், அது சம்பளத்தில் பாதிக்கு மேல், வங்கி ஒத்துக்கொள்ளாது. 16 லட்சம் என்றால் 16,800 போல, அது தாங்கும். ஸ்கோர் சரியில்லாமல் இன்றைக்கே தனியார் ஃபைனான்ஸில் 11 சதவீதத்துக்குப் போனால் அதே 16 லட்சத்துக்குத் தவணை 18,700. பதினாலு வருஷத்தில் மூன்று லட்சத்து இருபதாயிரம் கூடுதல். ஆக 28 லட்சம் வீட்டை விடுங்கள். இரண்டு வருஷம் கழித்து இருபது லட்சத்துக்குள் பாருங்கள், கொஞ்சம் தள்ளிப் போக வேண்டியிருக்கும்.

நகல் மனுவைத் திங்கட்கிழமை போடலாம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போங்கள். மனைவியை முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள். வங்கி ரசீதுகளை எடுத்துவரச் சொல்லி, எந்தத் தேதியில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். மருமகளின் காலேஜ் ஃபீஸ் கெடு எப்போது என்று கேட்டு அதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.