பச்சை மர மலைப்பாம்பை எப்படித் தேர்ந்தெடுத்து வளர்ப்பது?

"இங்கிலாந்தில் வசிக்கிறேன். கிரீன் ட்ரீ பைத்தான் வளர்க்க வெகுநாள் ஆசை. இந்தோனேசியப் பண்ணையில் பிறந்தது என்று சொல்லி ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? எப்படிப் பராமரிப்பது? கையில் எடுத்துப் பழக்கலாமா?" இதுதான் கேள்வி.

அந்தப் பாம்பை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2016-ல் நானும் இதே வசனத்துக்குத் தலையாட்டினேன். லெஸ்டருக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊர்வன விற்கும் சந்தை ஒன்றில், செருப்புப் பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பச்சைப் பசேலென்று சுருண்டு கிடந்தது. "பியாக் தீவு வகை, பண்ணையில் பிறந்தது, தாளெல்லாம் சரியாக இருக்கிறது" என்றார் விற்றவர். 180 பவுண்டு. அதே அளவுப் பாம்பு, இந்த நாட்டிலேயே பிறந்தது, பக்கத்து மேசையில் 400-க்கு மேல். கணக்கில் நான் புலி என்று நினைத்துக்கொண்டு மலிவானதை வாங்கி வந்தேன்.

இரண்டாவது வாரம் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். மைட் என்னும் பொடி உண்ணி. அதை ஒழிப்பதற்குள் மூக்கோரம் குமிழ் குமிழாகச் சளி, தலையை அண்ணாந்து வாயைத் திறந்து மூச்சு. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எச்சத்தைச் சோதித்தால் குடல் நிறையப் புழு. ஊசிமேல் ஊசி. முதுகில் ஆறிப்போன ஒரு தழும்பை அவர் விரலால் தடவிக் காட்டி, "இது காட்டில் ஏதோ எலி கடித்த தடம் மாதிரி தெரிகிறது, பெட்டிக்குள் வளர்ந்த பாம்புக்கு இது வராது" என்றார். பதினோராவது வாரம் செத்துப்போனது. மருத்துவச் செலவு பாம்பு விலையைப்போல இரண்டு மடங்கு.

அதற்குப் பிறகுதான் படித்தேன். ஜெசிகா லயன்ஸ், டேனியல் நட்டுஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தோனேசியாவில் இந்த வியாபாரத்தின் அடிவேர் வரை போய்ப் பார்த்து 2011-ல் வெளியிட்ட கட்டுரை. அந்த நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் சட்டவிரோதமாகப் பிடிக்கப்பட்டவை என்று கண்டார்கள். கிராமத்தார் பிடித்துத் தருவார்கள், தரகர் கை மாறும், கடைசியில் பண்ணையில் பிறந்ததாக ஒரு தாள் ஒட்டிக்கொள்ளும். குஞ்சு வெளிவந்த முட்டையின் ஓடுகளை எடுத்துவைத்துக் காட்டும்படி பண்ணைக்காரர்களிடம் சொன்னால் பித்தலாட்டம் குறையும் என்பது அவர்கள் யோசனை. யோசித்துப் பாருங்கள்: ஒரு குஞ்சை முட்டையிலிருந்து வளர்த்துப் பச்சையாக்க ஒரு வருட உழைப்பு வேண்டும். அதைக் கடல் தாண்டி அனுப்பியும் உள்ளூர்ப் பாம்பைவிட மலிவாக எப்படிக் கொடுக்க முடியும்?

சரி, எதை வாங்குவது? தன் வீட்டிலேயே குஞ்சு பொரிக்கவைத்தவரிடம், ஒரு வயது தாண்டி, நிறம் மாறி முடிந்த பாம்பை வாங்குங்கள். பொரித்த குஞ்சு முப்பது சென்டிமீட்டர் நீளம், பத்து கிராம் எடைதான் இருக்கும். எலுமிச்சை மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோ பிறக்கும். அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். ஆனால் குஞ்சுகள் இரை எடுக்க அடம் பிடிக்கும். கம்பில் இறுக்கிச் சுற்றியிருக்கும் குஞ்சைப் பிடித்து இழுத்தால் வால் எலும்பு மடங்கிப்போகும், அது பிறகு நேராகாது. முதல் பாம்பாக வேண்டவே வேண்டாம்.

இந்த நிறமாற்றம் பற்றி ஆஸ்திரேலியாவின் கேப் யார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது, எனக்குப் பிடித்த விஷயம். அங்கே பாம்பு ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் வளரும்போது மஞ்சள் பச்சையாகிறது. அதுவரை காட்டோரத்தில் தரைக்கு அருகே பல்லி இனங்களைப் பிடித்துத் தின்கிற குட்டி, பிறகு மேலே இலைக் கூட்டத்துக்குள் போகிறது. கீழே மஞ்சளும் சிவப்பும் பறவைகளின் கண்ணிலிருந்து தப்ப உதவுகின்றன, மேலே பச்சை உதவுகிறது. வீடு மாறும்போது சட்டையும் மாறுகிறது.

விற்பனைப் பட்டியலில் பாம்பின் பூர்வீகமாக அரு, பியாக், சோரோங், ஜெயபுரா என்று இந்தோனேசிய ஊர்ப் பெயர் போட்டிருப்பார்கள். நியூகினித் தீவின் நடுவில் ஓடும் மலைத்தொடருக்கு வடக்கே இருப்பது வேறு இனம், தெற்கே இருப்பது வேறு இனம் என்று 2020-ல் பிரித்துவிட்டார்கள். பியாக் வடக்கு இனத்தில் சேரும், அரு தீவும் ஆஸ்திரேலியாவும் தெற்கில். பியாக் வகைக்கு முன்கோபம் அதிகம் என்பது வளர்ப்பவர்களிடையே பொதுவான பேச்சு, என் அனுபவமும் அதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கலந்துவிட்ட பாம்புக்கு ஊர்ப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீல நிறப் பாம்புகளின் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம், கார் வாங்கலாம்.

இப்போது என்னிடம் இருக்கும் ஆண் பாம்பை 2017-ல் ஓர் அம்மாவிடம் வாங்கினேன். அப்போது அதற்குப் பதினாலு மாதம். அவர் முதலில் பாம்பைக் காட்டவில்லை, ஒரு பள்ளிக்கூட நோட்டைக் காட்டினார். எந்தத் தேதியில் என்ன தின்றது, எப்போது சட்டை உரித்தது, எப்போது எச்சம் போட்டது, எடை எவ்வளவு, எல்லாம் அதில். தாய் தகப்பன் பாம்புகளும் பக்கத்துக் கூண்டில் இருந்தன. அந்த நோட்டுக்காகவே வாங்கினேன் என்று சொல்லலாம். நீங்களும் பாம்பைப் பார்க்கும்போது கம்பை இறுகப் பற்றியிருக்கிறதா, முதுகெலும்பு கத்தி விளிம்பாகத் துருத்தாமல் இருக்கிறதா, கழிவுத்துளை சுத்தமா, வால் நுனி கறுத்துச் சுருங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண்முன் ஒரு இரை தின்னவைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். இங்கே இதை வளர்க்க உரிமம் தேவையில்லை. ஆனால் காட்டுயிர்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கும் உயிர் என்பதால், எங்கே வாங்கினோம் என்பதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் பாம்போடு வந்து சென்னை விமான நிலையத்தில் மாட்டுபவர்கள் செய்தி அடிக்கடி வருகிறதே, "ஒரிஜினல் இம்போர்ட்" என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் பாம்பும் அந்த வழியில் தப்பி வந்ததாக இருக்கலாம். 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி சைட்ஸ் பட்டியல் உயிர்களை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும், பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளம் வழியாகப் பதிவு செய்வதற்கான விதிகளும் 2024-ல் வந்துவிட்டன. நம்மூர்ப் பாம்பு எதையும் பிடித்து வளர்ப்பது குற்றம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கூண்டு பெரிதாக வேண்டியதில்லை. முழுசாக வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீட்டரிலிருந்து 1.8 மீட்டருக்குள் நிற்கும், பெண்கள் கொஞ்சம் பெரியவை. 90 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் போதும். முக்கியம் கம்புதான். படுக்கை வாட்டில், பாம்பின் உடல் தடிமனுக்கு ஏறக்குறைய சமமாக, வெவ்வேறு உயரத்தில் இரண்டு மூன்று. கழற்றி எடுக்க வசதியாகப் பொருத்துங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். சூடு மேலிருந்து வர வேண்டும். இது தரைக்கு இறங்குவதே அபூர்வம், அடியில் விரிக்கும் சூட்டு விரிப்பால் பயனில்லை. கூரையில் பொருத்தும் வெப்பப் பலகை, அதற்குக் கட்டாயம் சூடு மீறாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு தெர்மோஸ்டாட். சூடான மூலையில் 30 அல்லது 31 டிகிரி, மறுபக்கம் 26, இரவில் 23, 24.

ஈரப்பதத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். மழைக்காட்டுப் பாம்பு என்றதும் நாள் முழுக்கத் தண்ணீர் அடித்து, கூண்டைக் குளியலறை ஆக்கிவிடுவார்கள். நானும் செய்தேன், வயிற்றுச் செதில்களில் புண் வந்தது. இதற்கு வேண்டியது நனைவதும் காய்வதும். மாலையில் நன்றாகத் தெளியுங்கள், மறுநாள் மதியத்துக்குள் இலையெல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். ஈரப்பதமானி இரவில் 80-ஐத் தொடட்டும், பகலில் 50-க்கு இறங்கட்டும். இங்கே குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் போட்டால் வீட்டுக் காற்று அப்பளமாகக் காய்ந்துவிடும், அந்த மூன்று மாதம் ஈரப்பதமானியைக் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்க வேண்டும். கண் பால்போல் மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம், அப்போது ஒருவேளை கூடுதலாகத் தெளிக்கலாம். காலுறை கழற்றியதுபோல ஒரே துண்டாகச் சட்டை வந்தால் ஈரம் சரி. துண்டு துண்டாகக் கிழிந்து வந்தால் போதவில்லை.

தெளித்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். கம்பின் இருபுறமும் வளையங்கள் தொங்க, நடுவில் தலையை வைத்துப் படுத்திருக்கும். தண்ணீர் வழிந்து அந்த வளையங்களின் மடிப்பில் குட்டிக் குளமாகத் தேங்கும். தலை மெல்லத் திரும்பும். தன் உடம்பின் மேல் தேங்கிய தண்ணீரைத் தானே உறிஞ்சிக் குடிக்கும், தொண்டை மட்டும் அசையும். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

கையில் எடுத்துப் பழக்கலாமா என்றால், இது பார்ப்பதற்கான பாம்பு. கழுத்தில் போட்டுக்கொண்டு படம் எடுக்க ஆசையென்றால் வேறு பாம்பு வாங்குங்கள். சுத்தம் செய்யக் கூண்டிலிருந்து எடுக்க வேண்டுமானால் பகலில், கம்போடு சேர்த்துக் கழற்றி எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடலாம், அதற்குத்தான் கழற்றும் கம்பு. இரவில் கை விடவே கூடாது. இருட்டினால் தலையைக் கீழே தொங்கவிட்டு இரைக்குக் காத்திருக்கும், உதட்டுக் குழிகளால் சூட்டை உணரும், எலியா கட்டைவிரலா என்று ஆராயாது. ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் கிண்ணத்தை எடுக்கப்போய் நான் கடி வாங்கினேன். விஷம் கிடையாது, பல் மட்டும் நீளம், ரத்தம் நன்றாகவே வந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு நல்லா வேணுங்க" என்றாள். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. "ஏலே, பாம்புக்குப் பால் வார்த்தவன் கதையால்லா இருக்கு" என்றார். பாம்பு பால் குடிக்காதும்மா என்று ஆரம்பித்தேன், போனை வைத்துவிட்டார்.

இரை: உறைந்த எலி. என்னுடையதற்கு இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒன்று, உடலின் தடித்த பகுதியைவிடச் சின்னதாக. முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, ஒரு பையில் போட்டு வெந்நீரில் முக்கி, கடைசியில் தலைமுடி உலர்த்தியால் எலியின் தலையைச் சூடாக்கி, நீள இடுக்கியில் பிடித்து இருட்டில் நீட்டுவேன். எலி டப்பா முதலில் துருவிய தேங்காய்ப் பாக்கெட்டுக்கும் வஞ்சிர மீனுக்கும் நடுவில்தான் இருந்தது. ஒரு வாரம்தான், பிறகு தோட்டக் கொட்டகைக்குத் தனியாக ஒரு சின்ன உறைபெட்டி வாங்கவேண்டியதாயிற்று. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் பாம்பு குளிர்காலத்தில் வாரக்கணக்கில் இரையைத் திரும்பிப் பார்க்காது. சமையலறைத் தராசில் எடை பாருங்கள், எடை பெரிதாக இறங்காதவரை பதறவேண்டாம்.

அதிகமாக ஊட்டுவதுதான் ஆபத்து. அசையாமல் கிடக்கிற உயிர், செரித்ததை உள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் குடல் வெளியே தள்ளிவிடும். அதனால் இதை வளர்ப்பவர்கள் கூடினால் பேச்சு எச்சத்தில்தான் போய் நிற்கும். மாதத்துக்கு ஒருமுறை போடுவது சகஜம். அதற்குமேல் நாளானால் நான் கம்போடு தூக்கி வீட்டுக்குள் ஒரு சுற்று நடப்பேன், அந்த அசைவே பெரும்பாலும் போதும். பாம்பை விற்ற அந்த அம்மாவின் நோட்டு முடிந்து இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. கடைசிப் பக்கத்தில் நேற்று எழுதியது: "31-வது நாள். இன்னும் இல்லை. சனிக்கிழமை தூக்கிக்கொண்டு நடக்கணும்."