தாய்லாந்து ஓய்வு விசா: எட்டு லட்சம் பாத் யாருடைய பணம்?

கேள்வி: ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 62. மாதம் 58,000 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம், வங்கி வைப்பில் 9 லட்சம் இருக்கிறது. மனைவியோடு தாய்லாந்தின் சியாங் மாய் போய்ச் சில ஆண்டுகள் தங்க ஆசை. நுங்கம்பாக்கத்தில் ஒரு விசா ஏஜென்சியில் விசாரித்தேன். “எட்டு லட்சம் பாத் கணக்கில் காட்ட வேண்டும். உங்கள் பணத்தில் கை வைக்க வேண்டாம், காட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லி 1,20,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? — வாசகர், பெரம்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். விதியில் பாதியைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

50 வயது நிறைந்தவர்கள் ஓய்வுக்காலத்தைக் கழிக்கத் தாய்லாந்து அனுமதி தருகிறது. பண வசதியைக் காட்ட மூன்று வழிகள் உண்டு. அந்த நாட்டு வங்கியில் உங்கள் பெயரில் 8,00,000 பாத் இருக்கலாம். மாதம் 65,000 பாத் வருமானம் இருக்கலாம். அல்லது ஆண்டு வருமானமும் வங்கி இருப்பும் சேர்ந்து 8,00,000 பாத் ஆகலாம். ஒரு பாத் 2.60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 65,000 பாத் என்பது மாதம் 1,69,000 ரூபாய். உங்கள் ஓய்வூதியமோ சுமார் 22,300 பாத். இரண்டாவது வழி அடைபட்டுவிட்டது. மூன்றாவது வழியில் உங்கள் ஆண்டு ஓய்வூதியம் 2,67,000 பாத் அளவுக்குக் கைகொடுக்கும். ஆனால் வருமானத்துக்குத் தூதரகச் சான்று கேட்பார்கள். அதன் பிறகும் 5,33,000 பாத் வங்கியில் இருந்தாக வேண்டும்.

ஏஜென்சி சொல்லாமல் விட்ட பாதி காலக்கெடு. 2019 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதம் முழு 8,00,000 பாத்தும் கணக்கில் கிடக்க வேண்டும். நீட்டிப்புக் கிடைத்த பிறகும் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது. அப்புறம் ஆண்டு முழுவதும் இருப்பு 4,00,000 பாத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. அடுத்த நீட்டிப்பு வந்தால் மறுபடி எட்டு லட்சம். குடிவரவு அலுவலகத்தில் வங்கிக் கடிதத்தோடு அன்றைய தேதி வரை பதிந்த பாஸ்புத்தகத்தையும் கேட்கிறார்கள். அதனால் அங்கே இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் நாள் காலையில் 100 பாத் போட்டுப் புத்தகத்தில் ஒரு புது வரியை அச்சடித்துக்கொண்டு போவார்கள்.

“காட்டித் தருகிறோம்” என்பதன் பொருள் இப்போது புரிந்திருக்கும். யாரோ ஒருவருடைய பணம் உங்கள் கணக்குக்கு வரும், கடிதம் வாங்கியதும் போய்விடும். மூன்று மாத விதியைக் கொண்டுவந்ததே இதை மடக்கத்தான். மாட்டினால் அனுமதி ரத்தாகி, அந்த நாட்டுக்குள் மறுபடி நுழையத் தடை விழுவது உங்கள் பாஸ்போர்ட்டுக்கு. ஏஜென்சிக்காரருக்கு ஒன்றும் ஆகாது. அதிலும் பல இடங்களில் உங்கள் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் “எங்களிடமே இருக்கட்டும்” என்பார்கள். உங்கள் பெயரில் உள்ள கணக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வெளிநாட்டில் தூங்க முடியுமா?

சரி, சொந்தப் பணத்தையே போடலாம் என்றால் அதன் விலை என்ன? எட்டு லட்சம் பாத் என்பது சுமார் 20,80,000 ரூபாய். வங்கி வைப்பு 9 லட்சம் போதாது, அஞ்சலகக் கணக்கை மூடியாக வேண்டும். 8.2 விழுக்காடு வட்டியில் அந்த 20 லட்சம் உங்களுக்குக் காலாண்டுக்கு 41,000 ரூபாய் தந்துகொண்டிருக்கிறது. கணக்குத் தொடங்கி ஓராண்டு முடிந்து இரண்டாண்டுக்குள் மூடினால் அசலில் ஒன்றரை விழுக்காடு, அதாவது 30,000 ரூபாய் பிடிப்பார்கள். இரண்டாண்டுக்கு மேல் என்றால் ஒரு விழுக்காடு. தாய்லாந்துச் சேமிப்புக் கணக்கில் வட்டி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆக, இந்த விசாவுக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான கட்டணம் நீட்டிப்புக்குக் கட்டும் 1,900 பாத் அல்ல. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் குறையாத வட்டி இழப்பு. அசல் உங்களுடையதுதான், பத்திரமாகவும் இருக்கும். ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாத பணத்தைக் கைப்பணமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு வகை விசாவும் உண்டு, ‘ஓ-ஏ’ என்பார்கள். இந்தியாவிலிருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் எல்லாம் இணையத்தில்தான். முதல் ஆண்டுக்கு இந்திய வங்கியில் உள்ள வைப்பையே காட்டலாம். இது பெரிய வசதிபோலத் தோன்றும், ஆனால் 30 லட்சம் பாத் அளவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். 60 வயதைத் தாண்டிச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள ஒருவருக்கு அந்தப் பிரீமியம் எவ்வளவு என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். இதுவரை நான் சொன்ன, ‘ஓ’ என்ற சாதாரண வகையில் இந்தக் காப்பீட்டு நிபந்தனை இல்லை. ஆனால் மருத்துவமனைச் செலவு உங்கள் பொறுப்பு.

மனைவிக்குத் தனியாக எட்டு லட்சம் வேண்டாம், உங்களைச் சார்ந்தவராக நீட்டிப்புப் பெறலாம். அதற்குத் திருமணப் பதிவுச் சான்று தேவை. பத்திரிகையும் ஆல்பமும் செல்லாது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யும் சட்டம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன் மணமானவர்களில் பலரிடம் சான்று இருப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் வாங்க வேண்டும். இதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

என் கருத்தைக் கேட்டால், 22,300 பாத்தில் இருவர் வாடகை கொடுத்து, மருந்து வாங்கி, ஆண்டுக்கொரு முறை சென்னை வந்து போவது இழுபறிதான். 2014-இல் ஒரு பாத் இரண்டு ரூபாய்க்கும் கீழே இருந்தது. ரூபாயில் வருமானம், பாத்தில் செலவு என்றால் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். சுற்றுலா அனுமதியில் ஓரிரு மாதம் போய் இருந்து பாருங்கள். அதையும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான புகைக்காலத்தில் பாருங்கள். சுற்றுவட்டாரத்து வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் தீயால் அந்த மாதங்களில் சியாங் மாயின் காற்று மிக மோசமாகிவிடும். ஏஜென்சியின் வண்ணப் படங்களில் அது வராது.

கேள்வி: அதே எட்டு லட்சம் பாத்துக்காக 22 லட்சம் ரூபாய் அனுப்பப் போனேன். வங்கியில் “2,40,000 ரூபாய் வரி தனியாகக் கட்ட வேண்டும்” என்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை நான். என் சொந்தச் சேமிப்பை என் சொந்தக் கணக்குக்கு அனுப்ப இவ்வளவு வரியா? — வாசகி, நங்கநல்லூர்

பதில்: வங்கி சொன்ன கணக்கு சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. இது டி.சி.எஸ். எனப்படும் முன்பிடித்தம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகையில் இத்தகைய காரணங்களுக்கு 20 விழுக்காடு பிடிக்கிறார்கள். உங்கள் 22 லட்சத்தில் 12 லட்சத்துக்கு 2,40,000. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்ப வரும். ஆனால் ஏப்ரலில் பிடித்தால் அடுத்த ஆண்டு ஜூலை வாக்கில் கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் கைக்கு வரும்.

அவசரம் இல்லையென்றால் மார்ச் கடைசி வாரத்தில் 10 லட்சம், ஏப்ரல் முதல் வாரத்தில் 12 லட்சம் என்று அனுப்புங்கள். நிதியாண்டு மாறிவிடுவதால் இரண்டு லட்சத்துக்கு மட்டும் 40,000 ரூபாய் பிடிப்பார்கள். முழுக்க முழுக்கச் சட்டப்படியான வழி இது. பணம் முழுதாகப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் தாய்லாந்தின் இரண்டு மாதக் கெடு ஓடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நாணய மாற்றுக்கு ஜி.எஸ்.டி. 22 லட்சத்துக்குச் சுமார் 1,200 ரூபாய்தான். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வங்கி தரும் மாற்று விகிதத்தைப் பாருங்கள். ஒரு பாத்துக்கு ஐந்து பைசா வித்தியாசம் என்றாலும் எட்டு லட்சத்தில் 40,000 ரூபாய். இரண்டு வங்கிகளில் ஒரே நாளில், ஒரே மணியில் விகிதம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அனுப்பிய பின் ஒரு கடமை இருக்கிறது. வரிச் சட்டப்படி இந்தியவாசியாக இருக்கும்வரை அந்த வெளிநாட்டுக் கணக்கை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். ஓய்வூதியதாரர்கள் வழக்கமாகப் போடும் ‘சஹஜ்’ படிவத்தில் அந்த அட்டவணையே கிடையாது. இரண்டாம் படிவம் போடுங்கள். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போடலாம். அசையும் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. உங்கள் எட்டு லட்சம் பாத் அந்த வரம்பைச் சற்றே தாண்டிவிடுகிறது!

கேள்வி: மலேசியாவில் நீண்டகாலம் தங்க விசா தரும் ‘இரண்டாவது வீடு’ திட்டத்துக்கு 1,50,000 ரிங்கிட் வைப்பு போதும் என்கிறார் ஒரு முகவர். தமிழ் பேசும் ஊர், கோயில் குளம் உண்டு. நல்லதுதானே? — வாசகர், அம்பத்தூர்

பதில்: ஊர் நல்ல ஊர்தான். முகவர் கையில் இருப்பது பழைய தாள். 50 வயது கடந்தவர்களுக்கு 1,50,000 ரிங்கிட் என்பது 2021-க்கு முந்தைய விதி. 2024-இல் மாற்றியமைத்த திட்டத்தின் மூன்று முக்கியப் பிரிவுகளில் கீழ்ப்படியான வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 டாலர் வைப்பு வேண்டும், அதோடு 6,00,000 ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் வாங்கியாக வேண்டும். வீட்டைப் பத்தாண்டுக்கு விற்க முடியாது. இரண்டையும் கூட்டினால் 2,50,000 டாலரைத் தாண்டும். அதாவது ஒரே நிதியாண்டில் தனி ஒருவராக உங்களால் அனுப்பவே முடியாத தொகை. ரிங்கிட்டா டாலரா என்று முகவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ‘ஓ-ஏ’ விசாவுக்கு 75,000 ரூபாய் வாங்கிய ஏஜென்சி, காப்பீடு வேண்டும் என்று சொல்லவே இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. “தூதரகத்தின் முடிவு, நாங்கள் பொறுப்பல்ல” என்று பணத்தைத் தர மறுக்கிறார்கள். — வாசகர், குரோம்பேட்டை

பதில்: விசா தருவதும் மறுப்பதும் தூதரகத்தின் உரிமை. அதற்குக் கட்டிய கட்டணம் போனது போனதுதான். ஆனால் தேவையான ஆவணங்களின் பட்டியலைச் சரியாகச் சொல்வது ஏஜென்சி உங்களுக்கு விற்ற சேவை. அதில் குறை இருப்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் வழக்குப் போடலாம். முதலில் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போடுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம்.

அவர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஆவணப் பட்டியலை இன்றே, தேதியும் எண்ணும் தெரியும்படி அச்சடித்து வையுங்கள். அதில் காப்பீடு இல்லை என்பதுதான் உங்கள் வழக்கு. ரசீதில் வெறுமனே ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதியிருந்தாலும் கவலைப்பட வேண்டாம், ஆலோசனையும் சேவைதான். ரசீதே தரவில்லை என்றால் வங்கிப் பரிமாற்றப் பதிவு போதும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால்தான் சிக்கல். அப்போது பணம் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொண்டு அவர்கள் அனுப்பிய செய்தி ஏதாவது இருக்கிறதா என்று கைபேசியில் தேடுங்கள்.