காதில் ஒரு ரப்பர் குழாய்

கேள்வி: ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, இப்போது வரும் டிபி12. இரண்டில் ஒன்றைச் சும்மா தருகிறேன் என்று யாராவது சொன்னால் எதை எடுத்துக்கொள்வீர்கள்?
- வாசகர், கோவை

பதில்: யாரும் தரப்போவதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன். லண்டனில் காலையில் கிளம்பி பிரான்ஸின் தென்கோடிக்கு ராத்திரிக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் டிபி12தான். கிராண்ட் டூரர் என்பதே அதற்குத்தானே? இரண்டு பேர், பெட்டி படுக்கை, நெடுந்தூரம். இறங்கும்போது இடுப்பு பிடித்திருக்கக் கூடாது. புதியதில் 671 குதிரைத்திறன், எட்டு கியரும் தானாக மாறிக்கொள்ளும். பழையதில் 282தான், கிளட்சை மிதித்து நாமே கியர் போட வேண்டும். டிபி5 வாங்கியவர்களுக்குக் காரோடு ஒரு தீயணைப்பானையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நேர்மையான கம்பெனி!

சரி, அப்புறம் ஏன் யோசிக்கிறேன்? இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் நான் வேலை பார்த்தபோது பக்கத்து ஊர் நியூபோர்ட் பேக்னல். 1963-லிருந்து 65 வரை டிபி5 அங்கேதான் உருவானது. அந்தப் பக்கத்தில் ஒரு வயதான மெக்கானிக், டிபி5-இன் பானெட்டைத் திறந்துவைத்து, ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையை கார்புரேட்டர் வாயருகிலும் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர்கள் அந்த இன்ஜினுக்கு மூன்று. மூன்றும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்பதை இரைச்சலை வைத்தே கண்டுபிடிப்பார். திருகைக் கொஞ்சம் திருப்புவார், மறுபடி காது. குழாயை என்னிடமும் கொடுத்தார். எனக்கு மூன்றும் ஒரே 'உஸ்'தான். "நடுவில் இருப்பவன் பேராசைக்காரன், கேட்கவில்லையா?" என்றார். இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். கேட்டது!

டிபி12-இன் பானெட்டைத் திறந்தால் மூடிகள்தான் தெரியும். உள்ளே இருக்கும் வி8 இன்ஜின் ஜெர்மனியின் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி தந்தது. அருமையான இன்ஜின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் நாடியைப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டும்.

அதற்காகப் பழையதைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. மெல்லிய இரும்புக் குழாய்களால் கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்திய உடம்பு அது. கார்களுக்கு உடம்பு கட்டிய, இத்தாலியின் மிலான் நகரத்து டூரிங் நிறுவனத்தின் பாணி. எடை குறையும், வாஸ்தவம். ஆனால் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அரிப்புதான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இற்றுப்போயிருக்கும். தகட்டைக் கழற்றிப் பார்க்கும்போதுதான் சொந்தக்காரருக்கு வியர்க்கும். டிபி12-க்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் கூடும் அலுமினியம்தான், துண்டுகளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தே சொல்கிறேன்: சும்மா கொடுத்தால் எனக்கு டிபி5. கூடவே அந்த மெக்கானிக்கையும் அனுப்பிவைக்க வேண்டும்.