ஆர்.சி.யிலிருந்து சி.எஸ்.ஐ.க்குப் போனால் திரும்ப ஞானஸ்நானம் எடுக்கணுமா?

"சாமியார் சொல்றதை மனசு ஏத்துக்கல. சி.எஸ்.ஐ.க்குப் போயிடலாமா? திரும்ப ஞானஸ்நானம் எடுக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரைப் பக்கத்துக்காரர், வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஞானஸ்நானம் திரும்ப வேண்டாம். தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்ததை ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கின்றன. குழந்தையில் பெற்றது செல்லாது, முழுகித்தான் எடுக்கணும் என்பது பெந்தெகொஸ்தே போதனை. சான்றிதழை இப்போது இருக்கும் பங்கில், அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரத்தில், கேட்காதீர்கள். ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில்தான் உங்கள் பெயர் இருக்கும். எழுத்துப்பிழையை அங்கேயே பார்த்துவிடுங்கள்.

இனி அதிகாரம். சாமியார் சொல்வதெல்லாம் ஒரே எடை கிடையாது. 1854இல் அறிவித்த மாதாவின் அமலோற்பவம் (மாதா ஜென்மப் பாவம் இல்லாமல் உற்பவித்தார் என்பது), 1950இல் அறிவித்த விண்ணேற்பு (உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது) இரண்டும் விசுவாசக் கோட்பாடு. இவற்றை மறுத்துவிட்டுக் கத்தோலிக்கராக நிற்க முடியாது. சாமியார்கள் கல்யாணம் செய்யாதது ஒழுங்குமுறை, மாறக்கூடியது. கோயில் கணக்கும் திருவிழா வரியும் வெறும் நிர்வாகம். உங்கள் புண் இந்தக் கடைசியில் என்றால் அதற்காக விசுவாசத்தை மாற்றாதீர்கள். பங்குக்கு நிதிக்குழு கட்டாயம் என்கிறது திருச்சபைச் சட்டம் 537. கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்லும் உரிமை 212இல் இருக்கிறது. தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பங்குப் பேரவையை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். சட்டம் 536இன்படி அது ஆலோசனை மட்டுமே சொல்லும். அதன் தீர்மானம் சாமியாரைக் கட்டாது.

சி.எஸ்.ஐ.யில் அதிகாரமே இல்லை என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே ஆயர் என்றால் சபைப் போதகர், பேராயர் என்றால் பிஷப். நம் பக்கம் ஆயர்தான் பிஷப். 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், பிஷப்பே இல்லாத, சபையே தன்னை ஆளும் மரபு. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தச் சபைகளும் பிஷப்பின் கீழ் வந்தன. கமிட்டிக்குத் தேர்தல் உண்டு, ஓட்டு உண்டு. அந்தத் தேர்தலில் சாதியும் பணமும் புகுந்து கோர்ட் வரை போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சி.எஸ்.ஐ. அன்பர்கள் கோபிக்க வேண்டாம், நம் பக்கமும் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. கல்லறையில் சுவர் எழுப்பிச் சாதி பார்த்த ஊர்கள் ஆர்.சி.யிலும் உண்டு.

கல்யாணத்துக்காக மாறுகிறீர்கள் என்றால் அவசியமே இல்லை. கலப்புத் திருமண அனுமதிக்குப் பங்குச் சாமியார் வழியாகப் பிஷப்புக்கு விண்ணப்பியுங்கள். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று நீங்கள்தான் வாக்குக் கொடுக்கணும். மற்றவருக்கு அதைத் தெரிவித்தால் போதும். தாலி சி.எஸ்.ஐ. கோயிலில் என்றால், கத்தோலிக்க முறைப்படி கல்யாணம் நடக்கணும் என்ற விதியிலிருந்து தனியாக விலக்கும் வாங்கணும். அது இல்லாமல் நடந்தால், அரசுப் பதிவில் செல்லும் கல்யாணம் ஆர்.சி. கணக்கில் செல்லாது. "நான்தான் ஆர்.சி.யை விட்டு விலகிட்டேனே" என்ற பதிலும் 2009இல் சட்டம் திருத்தியதிலிருந்து எடுபடாது.