ஸ்டோன்ஃப்ளை புறப்படும் காலத்தில் ட்ராவுட்டுக்கு எந்த ட்ரை ஃப்ளை?

ஜூன் கடைசியில் அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள மேடிசன் ஆற்றுக்கு ட்ராவுட் மீன் பிடிக்கப் போகிறீர்கள். இதுவரை சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் மட்டுமே தூண்டில் போட்டிருக்கிறீர்கள். ஸ்டோன்ஃப்ளை என்ற ஆற்றுப்பூச்சி சிறகு விரித்துப் புறப்படும் சமயத்தில் எந்தெந்த ட்ரை ஃப்ளைகள், அதாவது நீர்மேல் மிதக்கும் பூச்சி வடிவச் செயற்கை இரைகள், வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் பிடோக்கில் பீகாக் பாஸ் பிடித்த பழக்கத்தோடுதான் அங்கே போனேன். பெட்டியில் 30 வகை ஃப்ளைகள் இருந்தன, உதவியவை மூன்று. அந்தப் பணத்துக்குத் தேக்காவில் ஒரு மாதம் மீன் தலைக்கறி சாப்பிட்டிருக்கலாம்.

ஃப்ளையை விடுங்கள், முதலில் பூச்சியைப் பாருங்கள். மழை விட்ட இரவில் வீவக மாடியின் தாழ்வார விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதுபோல ஆற்றின் நடுவிலிருந்து ஸ்டோன்ஃப்ளை கிளம்பும் என்று நினைத்திருந்தேன். மேஃப்ளை என்ற வேறு வகை ஆற்றுப்பூச்சிகளில் பெரும்பாலானவைதான் நீர்ப்பரப்பிலேயே தோலுரித்துச் சிறகு விரிக்கும். ஸ்டோன்ஃப்ளையின் இளம்பருவமோ ஆற்றடிக் கற்களின் மேல் ஊர்ந்து கரைக்கு வந்து, பாறையிலோ செடித்தண்டிலோ ஏறித்தான் சட்டையைக் கழற்றும். இவற்றில் பெரியதான சால்மன்ஃப்ளை மூன்று நான்கு ஆண்டுகள் தண்ணீருக்கடியில் வாழ்ந்துவிட்டுச் சில வாரங்களுக்கு மட்டுமே சிறகோடு திரியும். அப்போது அது தண்ணீரில் விழுவதற்கு இரண்டே வழிகள் உண்டு: கரையோர வில்லோ புதரிலிருந்து காற்று தள்ளிவிட வேண்டும், அல்லது பெண் பூச்சி முட்டையிட வர வேண்டும்.

ட்ராவுட்டுக்கு இது நன்றாகத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. முதல் நாள் காலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடு ஆற்றைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தேன். கரையில் நின்றிருந்த ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "மீன் இருக்கிற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்" என்றார். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால், முழங்கால் ஆழத்தில், புதரின் நிழலில் வாய்கள் மேலே வந்து போய்க்கொண்டிருந்தன. அன்று ஃப்ளையை மாற்றவே இல்லை, நின்ற இடத்தை மட்டும் மாற்றினேன்.

இனி வாங்க வேண்டியவை. சால்மன்ஃப்ளைக்கு 4 அல்லது 6ஆம் எண் முள், ஆரஞ்சு வயிறு. இன்னொரு வகை ஸ்டோன்ஃப்ளையான கோல்டன் ஸ்டோனுக்கு 8 அல்லது 10, மங்கிய மஞ்சள். எண் கூடக்கூட முள் சிறுக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிறத்துக்காக அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அளவும், தண்ணீரில் அது எப்படி உட்காருகிறது என்பதும்தான் முக்கியம். ஸ்டோன்ஃப்ளை சிறகைத் தட்டையாக முதுகின்மேல் மடித்துக்கொள்ளும் பூச்சி. தண்ணீரில் விழுந்தால் வயிறு பதியக் கிடக்கும்.

நுரை கொப்பளிக்கும் வேகமான நீருக்குச் சப்பி செர்னோபில் என்ற ஃப்ளையை எடுங்கள். நுரை ரப்பர் உடல், வெள்ளைச் சிறகு; மூழ்காது, தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியும், அடியில் ஒரு நிம்ஃபை (நீருக்கடியில் போகும் இளம்பருவப் பூச்சி வடிவ இரை) கட்டித் தொங்கவிட்டாலும் தாங்கும். அழகு என்று சொல்ல முடியாது, மிதியடியை வெட்டிக் கட்டியதுபோல இருக்கும். இரண்டாவது ஸ்டிமுலேட்டர். எல்க் மான் மயிர்ச் சிறகு, உடல் நெடுகச் சுற்றிய சேவல் இறகு. அந்த இறகினால் உயரமாக மிதக்கும். சலசலக்கும் நீரில் அது நல்லது, அமைதியான நீரில் மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்போது சிறு கத்தரிக்கோலால் அடிப்பக்க இறகை மட்டும் வெட்டிவிடுங்கள், வயிறு நீரில் பதியும். என்னுடைய நல்ல மீன்கள் பெரும்பாலும் இப்படி வெட்டிய ஃப்ளைக்கு வந்தவையே. ஃப்ளையைக் கட்டும் நுனி நரம்பு 3 எக்ஸ், அதாவது ஏறக்குறைய 0.20 மில்லிமீட்டர். அதைவிட மெலிந்தால் பெரிய ஃப்ளை காற்றில் முறுக்கிக்கொள்ளும்.

நம் ஊர்க் கைக்கு ஒரு எச்சரிக்கை. நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி என்பதால் வீசி இழுக்கும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. அங்கே இழுக்காதீர்கள். ஆறு கொண்டுபோகும் வேகத்திலேயே ஃப்ளை போகட்டும். முட்டையிடும் பெண் பூச்சிகள் நீரைத் தொட்டுத் தொட்டுப் பறப்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் இலேசாக ஒரு முறை சுண்டலாம்.

தண்ணீர் 10 முதல் 13 டிகிரி செல்சியசை எட்டும்போதுதான் சால்மன்ஃப்ளை கிளம்பும். கீழாற்றில் தொடங்கி, நீர் சூடேறச் சூடேற நாளுக்கு நாள் மேலே நகரும். ஆகையால் பெட்டியைத் திறக்கும் முன் கரைப் பாறைகளைப் பாருங்கள். கழற்றிய சட்டைகள் ஒட்டியிருந்தும் புதரில் பூச்சி இல்லையென்றால் கூட்டம் உங்களைக் கடந்துவிட்டது என்று பொருள். காரை எடுத்துக்கொண்டு மேலாற்றுக்குப் போங்கள். பூச்சி நிறைய இருந்தும் மீன் பெரிய ஃப்ளையைச் சீந்தவில்லையென்றால், விருந்தில் மூன்றாம் பாயசத்தைக் கைகாட்டி மறுப்பவர்போல அதற்கு வயிறு நிறைந்திருக்கும். எனக்கு மூன்றாம் நாள் அதுதான் நடந்தது. மாலையில் 14ஆம் எண் முள்ளில் கட்டிய மஞ்சள் நிற யெல்லோ சாலியை, அதாவது சிறிய ஸ்டோன்ஃப்ளை வடிவத்தைப் போட்டேன், நரம்பையும் இன்னும் மெல்லிய 5 எக்ஸுக்கு மாற்றினேன். அரை மணி நேரத்தில் இரண்டு பிரவுன் ட்ராவுட். 30 வகைகளில் உதவிய மூன்றாவது அதுதான்.

விமானத்தில் போகும்போது கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காதீர்கள், சரக்கில் ஏற்றும் பெட்டியில் போட்டுவிடுங்கள். சாங்கியில் நான் ஒன்றை இழந்தேன்.