கணினி கேள்வி–பதில்: எட்டு ஜிபி லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுமா?

கேள்வி: காலேஜ் லேபில் லினக்ஸ்தான், வீட்டிலும் பழகலாம் என்று விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினி போல லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டேன். உபுண்டுவை (லினக்ஸில் ஒரு வகை) தேர்வு செய்தால் 32 பிட் மட்டும்தான் காட்டுகிறது. தோழியிடமும் இதே மாடல், அவளுக்கு 64 பிட் வருகிறது. அப்பாவின் நிலப் பத்திர ஸ்கேன், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் இதில்தான் இருக்கின்றன, அழிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. ராம் 8 ஜிபி. (கல்லூரி மாணவி, மன்னார்குடி)

பதில்: லேப்டாப்பில் கோளாறு எதுவும் இல்லை, பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்) ஒரு ஸ்விட்ச் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் (கணினிக்குள் கணினியை ஓட்ட ப்ராசஸர் தரும் வசதி) என்ற இடத்தில் டிஸேபிள்டு என்று இருந்தால் 64 பிட் வராததற்கு அதுதான் காரணம். ரீஸ்டார்ட் செய்து எஃப்2, எஃப்10, டெலீட் இவற்றில் உங்கள் மாடலுக்கு எதுவோ அதை அழுத்தி பயாஸுக்குள் போனால், இன்டெல் ப்ராசஸருக்கு விடி-எக்ஸ் என்றோ இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றோ இருக்கும், ஏஎம்டிக்கு எஸ்விஎம் மோட். ஆன் செய்து சேவ் செய்யுங்கள். அதற்கு முன்னால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைத்தால் சில லேப்டாப்புகள் அடுத்த தடவை அதைக் கேட்கும், அப்போது தேடினால் கிடைக்காது.

டாஸ்க் மேனேஜரில் எனேபிள்டு என்றே இருந்து, விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக விஎம், உள்ளே ஓடும் அந்த லினக்ஸ் கணினி) ஆமை வேகத்தில் ஓடினால் விஷயம் வேறு. விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் ஓரத்தில் நிஜமாகவே ஒரு பச்சை ஆமைப் படம் தெரியும் (செய்தவர்களுக்குக் குசும்பு அதிகம்!). விண்டோஸுக்கே சொந்தமான விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி பின்னால் ஓடுகிறது என்று அர்த்தம். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் ஆமை போகவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டக்ரிட்டி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அது பாதுகாப்புக்காக இருப்பது, அணைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ராம். எட்டு ஜிபியில் ஆறை லினக்ஸுக்குக் கொடுத்தால் நன்றாக ஓடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். தலைமடையிலேயே தண்ணீரை மடக்கிக்கொண்டால் கடைமடை என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் சொல்லித் தர வேண்டியதில்லை. விண்டோஸ் மூச்சுத் திணறினால் அதற்குள் ஓடும் லினக்ஸும் சேர்ந்து திணறும். பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். நான்கு ஜிபியில் உபுண்டு ஓடும், ஆனால் கூடவே பிரவுசரில் பத்து டேப் திறந்து வைத்தால் அழும். என்னைக் கேட்டால் உபுண்டுவின் இலகுவான வடிவமான லுபுண்டு போடுங்கள், இரண்டு ஜிபி போதும். கமாண்ட் பழகத்தானே போகிறீர்கள், உள்ளே இருப்பது அதே உபுண்டுதான். டவுன்லோடிலும் மிச்சம்: உபுண்டு 24.04 ஏறக்குறைய 6 ஜிபி, லுபுண்டு அதில் பாதி. தினசரி டேட்டா பேக்கை நம்பி இறக்குகிறீர்கள் என்றால் டாரன்ட்டில் இறக்குங்கள், இன்று விட்ட இடத்திலிருந்து நாளை தொடரும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் நெட் இன்ஸ்டால் ஃபைல் ஒரு ஜிபிகூட இல்லை என்று அதன் பக்கம் போக வேண்டாம், மீதியை இன்ஸ்டால் செய்யும்போது இறக்கும், நடுவில் டேட்டா தீர்ந்தால் அந்தரத்தில் நிற்கும்.

புது மெஷின் உருவாக்கும்போது இறக்கி வைத்த ஐஎஸ்ஓ ஃபைலைக் காட்டியதும், நானே எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்து தருகிறேன் என்று ஒரு வசதி முன்னால் வரும். அன்அட்டெண்டட் என்று போட்டிருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விட்டால் விபாக்ஸ்யூசர் என்று அதுவே ஒரு பெயர் வைத்து, சேஞ்ச்மி என்று அதுவே ஒரு பாஸ்வேர்டும் வைக்கும், அப்புறம் அந்த யூசருக்கு சூடோ (நிர்வாகி உரிமை) அனுமதி இல்லை என்று நீங்கள் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

நடுவில் டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று கேட்கும். தாராளமாகச் சரி சொல்லுங்கள். அது பார்க்கிற டிஸ்க், நீங்கள் 25 ஜிபி என்று ஒதுக்கிய ஒரு ஃபைல் மட்டுமே, கல்யாண போட்டோ இருக்கும் இடம் அதன் கண்ணுக்கே தெரியாது. (பத்திர ஸ்கேனை ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள், அது லினக்ஸுக்காக அல்ல, பொதுவாகவே.) எல்லாம் முடிந்து அப்டேட்டும் ஆனதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, அதற்கப்புறம் உள்ளே எதை வேண்டுமானாலும் உடைத்துப் பாருங்கள், ஒரு க்ளிக்கில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். ஸ்னாப்ஷாட்டை மட்டும் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள், டிஸ்க்கைத் தின்றுவிடும்.

கேள்வி: பாத்திரக்கடை இருப்புக் கணக்குக்கு ஒரு சின்ன வெப் புரோகிராம் எழுதி, கடை லேப்டாப்பில் லினக்ஸ் விஎம்மில் ஓட்டுகிறேன். விஎம்முக்குள் திறக்கிறது. அதன் முகவரி 10.0.2.15 என்று காட்டுகிறது, அதை போனில் அடித்தால் வரவில்லை. இரண்டும் ஒரே வைஃபைதான். (வாசகர், கும்பகோணம்)

பதில்: வராது சார். அது நாட் (விஎம்மை லேப்டாப்புக்குப் பின்னால் மறைத்து வைக்கும்) முறையில் விர்ச்சுவல்பாக்ஸ் உள்ளுக்குள் கொடுக்கும் முகவரி, பெரும்பாலும் எல்லோர் விஎம்மிலும் இதே நம்பர்தான் இருக்கும், வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. நெட்வொர்க் செட்டிங்கில் பிரிட்ஜ்டு என்று மாற்றினால் உங்கள் ரவுட்டரே விஎம்முக்குத் தனி முகவரி கொடுக்கும். ஆனால் வைஃபையில் இது சில சமயம் சண்டித்தனம் செய்யும். அதனால் நாட் முறையிலேயே இருந்துகொண்டு போர்ட் ஃபார்வார்டிங் (லேப்டாப்பின் ஒரு போர்ட் எண்ணுக்கு வருவதை விஎம்முக்குத் தள்ளிவிடுவது) போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி: ஹோஸ்ட் (லேப்டாப்) போர்ட் 8080, கெஸ்ட் (விஎம்) போர்ட் 80 (உங்கள் புரோகிராம் வேறு போர்ட்டில் ஓடினால் அந்த எண்). போனில் லேப்டாப்பின் முகவரியைப் போட்டு முக்காற்புள்ளி (:), 8080 என்று அடியுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். புரோகிராமும் 127.0.0.1-ஐ (தன்னையே குறிக்கும் முகவரி) மட்டும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, 0.0.0.0 (எல்லா முகவரியும்) என்று மாற்றுங்கள். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: லினக்ஸ் விஎம்மில் விண்டோஸின் ஷேர்டு ஃபோல்டர் தெரிகிறது, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: கெஸ்ட் அடிஷன்ஸ் (விஎம்முக்குள் போடும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள்) சரியாகவே ஏறியிருக்கிறது. உங்கள் யூசரை, அந்த ஃபோல்டரைத் திறக்க அனுமதி உள்ள விபாக்ஸ்எஸ்எஃப் (vboxsf) குரூப்பில் சேர்த்துவிட்டு, விஎம்மை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். பேரன் உபுண்டு போட்டுக் கொடுத்தான். தமிழ்99 கீபோர்டு கிடைக்குமா? (வாசகர், திருவாரூர்)

பதில்: கிடைக்கும் ஐயா. செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் இன்புட் சோர்ஸ், கூட்டல் குறியை அழுத்தித் தமிழைத் தேடினால் தமிழ்நெட் 99 என்று இருக்கும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். விஎம்முக்குள் எழுதுகிறீர்கள் என்றால் முதலில் அந்த ஜன்னலுக்குள் ஒரு தடவை க்ளிக் செய்துவிட்டு அழுத்துங்கள், இல்லையென்றால் விண்டோஸில் மொழி மாறிக்கொண்டிருக்கும்.