புக்கு போடுறவங்க காசுலயே கம்பெனி வளருது, இது சரியா அக்கா?

கேள்வி: வணக்கம் அக்கா. நானும் காலேஜ் ஃப்ரெண்டும் சேர்ந்து 2021ல திருச்சியில ஒரு செல்ஃப் பப்ளிஷிங் கம்பெனி, அதாவது எழுத்தாளரே காசு போட்டு புக்கு போடுற கம்பெனி, ஆரம்பிச்சோம். பெரிய பதிப்பகங்க பதில் கூட போடாத புது எழுத்தாளர்களுக்கு ஒரு வழி பண்ணணும்னுதான் ஆரம்பிச்சது. முதல் வருஷம் 14 புக்கு, போன வருஷம் 118. பேக்கேஜ் 28,000 ரூபா. அதுல டைப்செட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன் (புக்கோட அடையாள நம்பர்), எழுத்தாளர் கையில குடுக்கிற 40 காப்பி, ஆன்லைன் லிஸ்டிங் எல்லாம் வந்துடும், ராயல்டி 100 சதவீதம் அவங்களுக்கே. இப்ப ஒருத்தர் முதலீடு போட ரெடியா இருக்கார், ஆனா ரெண்டு வருஷத்துல 500 புக்கு காட்டணும்ங்கிறார். போன மாசம் முசிறியிலருந்து ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மா ஆபீஸுக்கே வந்து "என் புக்கு எத்தனை போச்சு தம்பி?"ன்னு கேட்டாங்க. சிஸ்டத்துல பாத்தா 9. அதுல 4 அவங்க பொண்ணு வாங்கினது. காபி வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன், நம்பரைச் சொல்லல. அன்னிலருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு. முதலீட்டை வாங்கலாமா? நாங்க பண்றது தப்பா? கணக்குச் சீட்டும் கூட வச்சிருக்கேன்.
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்:

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், தப்பு பண்றவன் கணக்குச் சீட்டைக் கூட வச்சு லெட்டர் போட மாட்டான், அதனால அந்தக் கேள்வியை ஓரமா வைங்க. ஆனா அந்தச் சீட்டை நான் ரெண்டு நாள் வச்சுப் பாத்தேன், அதுல ஒரு வரி எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. 100 சதவீத ராயல்டிங்கிற வரிதான்.

நீங்க அதைப் பெருந்தன்மையா நெனச்சுப் போட்டிருக்கீங்க. எனக்கு வியாதியே அங்கதான் இருக்குன்னு தோணுது. உங்க சீட்டுல இருக்கிற கணக்கையே எடுத்துக்கலாம், 160 பக்கம், டெமி சைஸ், விலை 200. ஒரு காப்பி அடிக்க 95 ரூபா ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க, கம்மி எண்ணிக்கையில டிஜிட்டல்ல அடிக்கிறதால அப்படித்தான் ஆகும். கடைக்காரருக்கு 40 சதவீதம், அது 80. மிச்சம் 25 ரூபா. அந்த 25ஐ அப்படியே எழுத்தாளருக்குக் குடுத்துட்டு "100 சதவீதம்"ங்கிறீங்க. கேக்குறவங்க காதுல அது 200 ரூபாவாதான் விழும், சத்தியமா விழும், என் காதுலயே முதல்ல அப்படித்தான் விழுந்துச்சு. பழைய பாணி பதிப்பகம் 10 சதவீதம் குடுக்கும், அதாவது 20 ரூபா, அதுக்கு எழுத்தாளர் கையிலருந்து ஒரு பைசா போடத் தேவையில்ல. உங்க நூறுக்கும் அவங்க பத்துக்கும் நடுவுல இருக்கிறது வெறும் 5 ரூபா தம்பி. இப்ப 28,000ஐ 25ஆல வகுங்க. 1,120. டீச்சரம்மா போட்ட பணம் திரும்பி வரணும்னா அவ்வளவு காப்பி போகணும். 40 காப்பி கையில குடுத்தீங்களே, அத்தனையையும் அவங்க முழு விலைக்கு வித்தாலும் 8,000 கழியும், அப்பவும் 800 காப்பி. உங்க கடையில ஒரு புக்கு சராசரியா எத்தனை போகுது? நீங்களே எழுதியிருக்கீங்க, 31.

ஆனா நான் சொல்ல வந்தது இந்த 1,120 கூட இல்ல. விற்பனையில உங்களுக்கு ஒரு பைசா கிடையாதுல்ல, அதைச் சொல்ல வந்தேன். புக்கு ஒண்ணு போனாலும் ஆயிரம் போனாலும் உங்க கம்பெனிக்கு அதே 28,000தான். அப்ப திங்கக்கிழமை காலையில ஆபீஸ் திறந்து உக்காந்தா உங்ககிட்ட வேலை பாக்குற பையன் யாருக்கு போன் போடுவான்? வாசகருக்கா, கடைக்காரருக்கா, இல்ல அடுத்த எழுத்தாளருக்கா? அவன் மேல தப்பில்ல, சம்பளம் அங்கருந்துதான் வருது. புது எழுத்தாளரை வாசகர்கிட்ட கொண்டுபோய்ச் சேக்கத்தான் ஆரம்பிச்சீங்க, இப்ப எழுத்தாளரே உங்களுக்குக் கஸ்டமர் ஆயிட்டார், வாசகர்னு ஒருத்தர் கணக்குலயே இல்ல.

இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. அமெரிக்காவுல ஆதர் சொல்யூஷன்ஸ்னு ஒரு கம்பெனி, இந்த மாதிரி பேக்கேஜ் விக்கிறதுல அசுர வளர்ச்சி, வருமானத்துல பெரும்பகுதி எழுத்தாளர்களுக்கு சர்வீஸ் வித்த காசு. 2012ல பெங்குயின் பதிப்பகத்தோட தாய்க் கம்பெனி அதை 11 கோடியே 60 லட்சம் டாலர் குடுத்து வாங்குச்சு, அடுத்த வருஷமே எழுத்தாளர்கள் சேர்ந்து நியூயார்க்ல கேஸ் போட்டாங்க, 2016 பிறக்கும்போது பெங்குயின்காரங்க அதைக் கை மாத்தி விட்டுட்டாங்க. டைட்டில் எண்ணிக்கையை மட்டும் வளர்ச்சின்னு பாத்தா அவங்கதான் ராஜா. இதே தொழில்ல 2002ல லுலுன்னு ஒண்ணு வந்துச்சு, ரெட் ஹாட்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பாப் யங் போட்டது. அங்க புக்கை ஏத்துறதுக்குக் காசு வாங்கல, அச்சுச் செலவு போக மிஞ்சுறதுல 80 எழுத்தாளருக்கு, 20 கம்பெனிக்கு. புக்கு வித்தாதான் அவங்களுக்கும் சாப்பாடு. பெங்களூர்ல போத்தி டாட் காம் 2008லயே தொடங்கினது, சென்னையில நோஷன் பிரஸ் 2012ல, இவங்கல்லாம் காசு வாங்காம புக்கு ஏத்துற வழியும் வச்சிருக்காங்க. அதனால வெறும் லிஸ்டிங்குக்கும் ஐஎஸ்பிஎன்னுக்கும் 28,000 குடுக்கிற காலம் ரொம்ப நாள் ஓடாது, அதையும் அந்த முதலீட்டுக்காரர்கிட்ட சொல்லி வைங்க.

ஐஎஸ்பிஎன்னு சொன்னதும் ஞாபகம் வருது. டெல்லியில ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி அதை இலவசமாத்தான் குடுக்குது, எழுத்தாளரே நேரடியா விண்ணப்பம் போடலாம். நீங்க அதை பேக்கேஜ்ல ஏதோ தங்கக் காசு மாதிரி மூணாவது வரியில போட்டிருக்கீங்க. எடுத்துடுங்க, நல்லா இல்ல.

நான் இவ்வளவு கடுப்பா பேசுறதுக்கு என் சொந்தக் கதை ஒண்ணு இருக்கு. 2003ல நான் திருவல்லிக்கேணியில ஒரு பிரஸ்ல புரூஃப் பாத்துக்கிட்டிருந்தப்ப, அதாவது அச்சுப் பிழை திருத்திக்கிட்டிருந்தப்ப, என் சிறுகதைகளைச் சேத்து ஒரு தொகுப்பு போட்டேன், பதிப்பகம் பேரு வேண்டாம், காசு என்னோடது, செயினை வச்சு வாங்கினது. 1,000 காப்பி. "லைப்ரரி ஆர்டர் வந்துடும்மா"ன்னு ஒரே வார்த்தை, அதுலயே மயங்கிட்டேன். ஆர்டர் வரல. பண்டல் பண்டலா வீட்டுக்கு வந்துச்சு, கட்டிலுக்கு அடியில அடுக்கினோம், 640 காப்பி, ராத்திரி புரண்டு படுத்தா பண்டல் பேப்பர் சரசரக்கும். அம்மா ஒரு நாள் கூட ஒண்ணும் சொல்லல, மழை பெஞ்சா மட்டும் எந்திரிச்சுப் போய் ஓரத்துப் பண்டலை உள்ள தள்ளிவிட்டுட்டு வந்து படுப்பாங்க. கடைசியில வீடு மாறும்போது எடைக்குப் போட்டோம். அந்த 640ஐ விட எனக்கு அதிகம் வலிச்சது என்னன்னா அந்தப் பதிப்பகத்துக்காரர் ஒரு தடவை கூட நம்பர் சொன்னதில்ல, "போய்க்கிட்டிருக்கும்மா, போய்க்கிட்டிருக்கு"ம்பார். நீங்க வாங்கிக் குடுத்த காபியும் அதே வகைதான் தம்பி, கோச்சுக்காதீங்க.

சரி, என்ன பண்ணலாம். 100 சதவீதத்தைத் தூக்குங்க. பேக்கேஜை உண்மையான செலவுக்குக் கொண்டு வாங்க. உங்க சீட்டுப்படி 40 காப்பிக்கு 3,800, அட்டைக்கு 3,500, டைப்செட்டிங் 4,800, மொத்தம் 12,100, புரூஃப்னு ஒரு வரியே இல்ல. ஒரு நல்ல புரூஃப் ரீடருக்கு ஒழுங்கா ஒரு தொகை போட்டு அதைச் சேத்து வாங்குங்க, அதோட விற்பனையில வர்றதுல உங்களுக்கு ஒரு பங்கு வைங்க, கால் பங்கோ மூணுல ஒண்ணோ உங்க இஷ்டம். எழுத்தாளர் கேள்வி கேப்பாங்க, கேக்கட்டும், "நாங்களும் இதுல மாட்டிக்கிட்டிருக்கோம், வித்தாதான் எங்களுக்கும்"னு சொல்லுங்க. அப்புறம் பாருங்க, எந்தக் கையெழுத்துப் பிரதியை எடுக்கிறது எதை வேண்டாங்கிறதுன்னு உங்களுக்கே ஒரு கண்ணு வந்துடும், இப்ப 118ல எத்தனையை நீங்க முழுசா படிச்சீங்க சொல்லுங்க?

புரூஃபை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க தெருவுல ஒரு ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டர் இருக்கார், அவரும் இப்படி ஒரு கம்பெனியில ஆத்திசூடிக்கு உரை எழுதிப் போட்டார். பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைலை யுனிகோடுக்கு மாத்தினவன் திரும்பிப் பாக்கல, ஔங்கிற ஒரே எழுத்து ஒ, ளன்னு ரெண்டா பிரிஞ்சு புக்கு முழுக்க ஔவையார் எல்லாம் ஒளவையார் ஆயிட்டாங்க, அட்டையில கூட. கொம்பு தனியா கால் தனியா பிரிஞ்சு வரிக்கு வரி கட்டம் கட்டமா நிக்குது. அவர் ஒவ்வொரு காப்பியிலயும் பேனாவால திருத்தித் திருத்தி எங்களுக்குக் குடுத்தார். என் காப்பியில 61 இடம் திருத்தியிருக்கார், எண்ணினேன்.

காசை வாசகர்கிட்டருந்து எப்படி வாங்குறதுன்னு கேப்பீங்க. புது டெக்னாலஜி ஒண்ணும் வேண்டாம், 1887ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டுவர உ.வே.சா. என்ன பண்ணினார்? கையொப்பம் வாங்கினார், புக்கு வந்தா வாங்கிக்கிறோம்னு ஊர் ஊரா ஆட்கள்கிட்ட முன்கூட்டியே. இன்னிக்கு அதுக்குப் பேரு ப்ரீ புக்கிங், அவ்வளவுதான். அச்சுக்கு முன்னாடி ஒரு மாசம் முன்பதிவு போடுங்க, 60 பேர் சேந்தா அடிங்க, 12 பேர்தான் சேந்தாங்கன்னா எழுத்தாளரைக் கூப்பிட்டு அந்த 12ஐச் சொல்லுங்க, அப்பவும் போடணும்னு சொன்னா போடுங்க, பேரன் பேத்திக்குக் குடுக்கணும்னு ஆசைப்படுறவங்க இருக்காங்க, அது ரொம்ப நியாயமான ஆசை, ஆனா அவங்களுக்கு 40 காப்பி பேக்கேஜ் குடுங்க, "நீங்களும் பெஸ்ட்செல்லர்"னு விளம்பரம் குடுக்காதீங்க. உங்க நோட்டீஸ்ல இங்கிலீஷ் நாவல் எழுதுற அமீஷ் திரிபாதி பேரு போட்டிருக்கீங்களே, அதையும் எடுங்க. அவர் 2010ல சொந்தமா போட்டு ஜெயிச்சார்ங்கிறது உண்மைதான், ஆனா அவர் ஃபைனான்ஸ் துறையில வருஷக்கணக்கா வேலை பாத்த ஐஐஎம் ஆளு, முதல் அத்தியாயத்தைத் தனியா அடிச்சு புக்கு கடை கவுண்டர்ல இலவசமா வச்சவர். முசிறி டீச்சருக்கு அந்த வேலையை யாரு பண்றது? நீங்கதான் பண்ணணும், அதுக்குத்தான் விற்பனையில பங்கு.

ஸ்டாலும் அப்படித்தான், மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடக்குது, இன்னும் ரெண்டு மூணு சின்னக் கம்பெனியோட சேந்து ஒரு ஸ்டால் எடுங்க, எழுத்தாளரையே கொண்டு வந்து உக்கார வைங்க. கடைக்கு 80 ரூபா போகாத இடம் அது.

ஒப்பந்தத்தையும் பாத்தேன். ரெண்டரைப் பக்கத்துல காலம்னு ஒரு வார்த்தை இல்ல. 1957 காப்பிரைட் சட்டம் 19ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக் குடுக்கும்போது காலம் குறிப்பிடலைன்னா அது 5 வருஷம்தான் செல்லும், எந்த நாடுன்னு போடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதனால நீங்களே தெளிவா எழுதிடுங்க: உரிமை எழுத்தாளருடையது, எங்களுக்கு 3 வருஷம் விக்க அனுமதி, விலகணும்னா டைப்செட் ஃபைலும் அட்டை ஃபைலும் கையில குடுத்துடுவோம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை விற்பனைக் கணக்கு, பூஜ்யமா இருந்தாலும் அனுப்புவோம்னு. பூஜ்யமா இருந்தாலும்ங்கிறதைத் தடிச்ச எழுத்துல போடுங்க.

முதலீடு. 500 டைட்டில்னு கேக்கிறவர்கிட்ட வாங்காதீங்க. அவர்கிட்ட வேற ஒரு நம்பர் குடுத்துப் பாருங்க, எழுத்தாளரோட சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், அவரே வாங்கினது எல்லாம் கழிச்சு, முன்னப் பின்ன தெரியாத ஆளு வாங்கின காப்பி வருஷத்துக்கு எத்தனைன்னு. இப்ப உங்களுக்கு 118 பெருக்கல் 31, அதுல பாதி சொந்தம்னு வச்சாலும் 1,800க்குக் கிட்ட. அதை 6,000 ஆக்குறேன், டைட்டில் 60 போதும்னு சொல்லுங்க. ஒத்துக்கிட்டார்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க, இல்லைன்னா டீ குடுத்து அனுப்பிடுங்க, அங்க நம்பர் சொல்லாம இருக்கத் தேவையில்ல.

டீச்சரம்மாவுக்கு இன்னிக்கே போன் போடுங்க. 9னு சொல்லுங்க, பொண்ணு வாங்கினதைச் சொல்லாதீங்க, அது அந்தப் பொண்ணோட ரகசியம். நேர்ல போய் ஃபைலைக் குடுங்க. அப்புறம் ஒரு கேள்வி, 1954 சட்டப்படி புக்கு வெளிவந்த 30 நாளுக்குள்ள கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், எழும்பூர் கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லி நூலகத்துக்கும் பதிப்பாளர் தன் செலவுல ஆளுக்கொரு காப்பி அனுப்பணும், அனுப்பினீங்களா? சீட்டுல அந்தச் செலவே காணோம். அனுப்பலைன்னா 118க்கும் அனுப்புங்க, அவங்களோடதை முதல்ல அனுப்பிட்டு ரசீதை எடுத்துக்கிட்டு முசிறிக்குப் பஸ் ஏறுங்க.